ரத்தம் உறைஞ்சிடுச்சு, இனிமே பயமில்ல

எங்கள் ஊரில் ராத்திரித் தூக்கம் த்ரீ பேஸ் கரண்டின் கையில் இருக்கிறது. அந்த வாரம் நடுராத்திரிக்கு மேல் முறை. கரும்புக்குத் தண்ணீர் விட நைனா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒன்றரை மணிக்கு எழுந்து, டார்ச்சை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். மோட்டார் கொட்டாய் தாண்டி மடை திருப்பக் குனிந்திருக்கிறார். குக்கர் விசில் அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் புஸ்ஸென்று ஒரு சீறல் வருமே, அந்த மாதிரி சத்தம். கேட்டுத் திரும்புவதற்குள் வலது கணுக்காலில் கடி விழுந்துவிட்டது. காலில் ரப்பர் செருப்பு மட்டும்தான்.

நான் ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். அந்த ரெண்டு நாள் லீவில் ஊரில் இருந்தேன். அணைக்கட்டைத் தாண்டி ஜவ்வாது மலை அடிவாரத்துப் பக்கம் எங்கள் கிராமம். வாசலில் வந்து உட்கார்ந்து நைனா சொன்னது இதுதான்: "கண்ணாடி விரியன்டா. டார்ச் வெளிச்சத்துல பாத்தேன். முதுகுல சங்கிலி மாதிரி கறை." ஆள் நிதானமாகத்தான் இருந்தார். பதறியது நான்தான்.

பதற்றத்தில் செய்த முதல் காரியம், சணல் கயிற்றை எடுத்து முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டியது. கால் நீலம் பாரிக்கிற அளவுக்கு. நல்லா இறுக்கிட்டேன் என்று அப்போது ஒரு திருப்திகூட இருந்தது. ரெண்டாவது காரியம் அதைவிட மோசம். பெரியப்பா சொன்னார் என்று பக்கத்து ஊரில் பச்சிலை கொடுக்கிறவர் வீட்டுக்கு பைக்கில் உட்காரவைத்துக் கொண்டுபோனேன். அவர் வேப்பிலையைக் கையில் கொடுத்து மெல்லச் சொன்னார். "கசக்குதா, இனிக்குதா?" நைனா கசக்குது என்றார். கசந்தால் விஷம் தலைக்கு ஏறவில்லையாம். எல்லாரும் மூச்சு விட்டோம். நைனா மென்றதைத் திண்ணை ஓரமாகத் துப்பினார். டார்ச் அடித்துப் பார்த்தால் பச்சையோடு சிவப்பு. ஈறிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. பச்சிலைக்காரரே பயந்து, "ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போங்கப்பா" என்று சொல்லிவிட்டார். அதுவரைக்கும் நாற்பது நிமிஷம் போய்விட்டது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ராத்திரி டியூட்டியில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா இருந்தார். கயிற்றைப் பார்த்ததும் நான் அவிழ்க்கப் போனேன். வேண்டாம் என்று கையைப் பிடித்துத் தடுத்தார். தேங்கியிருக்கிற விஷம் மொத்தமாக மேலே ஏறும், முதலில் ஊசி லைன் போடட்டும், மருந்து ஏற ஆரம்பித்த பிறகு நான் மெதுவாகத் தளர்த்துகிறேன் என்றார். பிறகு கொஞ்சம் ரத்தம் எடுத்து, காய்ந்த சுத்தமான ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு ஸ்டாண்டில் நிறுத்தினார்கள். இருபது நிமிஷம் யாரும் அதைத் தொடக்கூடாது, ஆட்டக்கூடாது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இருபதாவது நிமிஷம் சிஸ்டர் குழாயைச் சாய்த்தார். உறைந்து நிற்கவேண்டிய ரத்தம் தண்ணீர் மாதிரி ஓடியது. இவ்வளவுதான் அந்த டெஸ்ட். பெரிய மெஷின் எதுவும் கிடையாது. விரியன் கடியில் ரத்தம் கெட்டிருக்கிறதா இல்லையா என்பதை அந்த ஒரு குழாய் சொல்லிவிடுகிறது.

விஷமுறிவு மருந்து பவுடராகக் குப்பியில் வருகிறது. டிஸ்டில்டு வாட்டர் விட்டு, குலுக்காமல், உள்ளங்கைகளுக்கு நடுவில் உருட்டி உருட்டிக் கரைத்தார்கள். குலுக்கினால் நுரை கட்டிவிடுமாம். பத்துக் குப்பி. கால் மணி நேரத்தில் நைனாவுக்கு உடம்பெல்லாம் தடிப்பு, குளிர் நடுக்கம். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, நிறுத்தச் சொல்லலாமா என்று அம்மா அழுதார். டாக்டரம்மா ட்ரிப்பை நிறுத்தி, தொடையில் அட்ரினலின் ஊசி போட்டு, நடுக்கம் அடங்கியதும் அதே மருந்தை மறுபடி திறந்துவிட்டார். குதிரை ரத்தத்திலிருந்து எடுக்கிற மருந்து, சிலருக்கு இப்படித்தான் பண்ணும், அதற்காக விடமுடியாது, இதைவிட்டால் வேறு மருந்து கிடையாது என்றார். இந்த ஒரு மருந்துதான் நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும். அதனால் என்ன பாம்பு என்று காட்ட, அடித்து மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு வரவேண்டியதில்லை. ரெண்டாவது ஆளும் கடி வாங்குவதுதான் மிச்சம்.

அந்த மருந்துக்காகக் குதிரைக்கு ஏற்றுகிற விஷம் எங்கிருந்து வருகிறது என்பதை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் 1978ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். இருளர் பெரியவர்கள் ரெண்டு பேருக்கு, வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும், 2023ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். எங்கள் ஊர் ஏரிக்கரையிலும் இருளர் வீடுகள் இருக்கின்றன. நாங்கள் அவர்களை எப்படி நடத்துகிறோம் என்பது எங்களுக்குத் தெரியும். நைனா உடம்பில் ஏறிய மருந்தில் அந்த ஜனங்களின் கைவேலையும் இருக்கிறது.

விடிகிற நேரத்தில் 108 வந்தது. வேலூருக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஊசூர் தாண்டுவதற்குள் மாமா போனில் பிடித்துவிட்டார். தெரிந்த கம்பவுண்டர் இருக்கிறார், நல்லா கவனிப்பாங்க, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனா நம்மள யாரு கேப்பா என்று. நானும் மண்டையை ஆட்டினேன். எழுதிக்கொடுத்த இடத்தை விட்டுவிட்டு ஒரு தனியார் நர்சிங் ஹோமில் சேர்த்தோம். போகிற இடத்தில் வென்டிலேட்டர் இருக்கிறதா, டயாலிசிஸ் இருக்கிறதா என்று கேட்கவேண்டும் என்பது எனக்குத் தெரியாது. அந்த ரெண்டுமே அங்கே இல்லை.

அவர்கள் பாம்புக்கடி மருந்தை ஒழுங்காகத்தான் கொடுத்தார்கள். ஆறு மணி நேரம் கழித்து மறுபடி குழாய் டெஸ்ட், அப்போதும் உறையவில்லை, இன்னொரு பத்துக் குப்பி. சாயங்காலம் பார்த்தபோது குழாயைக் கவிழ்த்தாலும் ரத்தம் அல்வா மாதிரி அப்படியே நின்றது. "ரத்தம் உறைஞ்சிடுச்சு. இனிமே பயமில்ல" என்றார் டாக்டர். அம்மா வேண்டுதல் முடிச்சை அவிழ்க்கலாமா என்று கேட்டார். நான் கம்பெனிக்கு போன் போட்டு நாளை மறுநாள் வந்துவிடுகிறேன் என்று சொன்னேன்.

அடுத்த நாள் நடந்ததைத்தான் விரித்துச் சொல்லவேண்டும். நுரையீரலில் தண்ணீர் கோத்ததற்கான எல்லா அடையாளமும் அன்றைக்கே எங்கள் கண் முன்னால் இருந்தது. ஒன்றைக்கூட நாங்கள் புரிந்துகொள்ளவில்லை.

காலையில் நைனாவின் முகம் உப்பியிருந்தது. ரெண்டு காதுக்கும் கீழே, பொன்னுக்கு வீங்கி வந்த பிள்ளை மாதிரி கன்னம் புடைத்து நின்றது. தூங்காததால் இருக்கும் என்று அத்தை சொன்னார். கண்ணில் வெள்ளை விழிக்கு மேலே ஜவ்வு மாதிரி தண்ணீர் கோத்து, இமைக்கு வெளியே பிதுங்கியது. கண் வலியோ என்று நினைத்தோம். பி.பி. எண்பது, தொண்ணூறு என்று கிடந்தது. அதை ஏற்றத்தான் சலைன் பாட்டில் ஒன்று முடிய ஒன்று மாட்டிக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு தண்ணீர் உள்ளே போகிறதே, மூத்திரம் எவ்வளவு வெளியே வருகிறது? யூரின் பேக்கில் அடியில் கொஞ்சம் காபி டிகாக்ஷன் நிறத்தில். காலையில் பார்த்த அதே அளவுதான் மதியமும். அதை யாரும் எழுதிவைக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஹெச்.பி. (ஹீமோகுளோபின்) ரிசல்ட்தான் எனக்கு மறக்கவே மறக்காது. முதல் நாள் 13.4. ரெண்டாவது நாள் 17.6. சீட்டைக் கையில் வாங்கி, "அம்மா, நைனாவுக்கு ரத்தம் நல்லா ஏறியிருக்கு" என்று நான்தான் எல்லாருக்கும் சொன்னேன். ரத்தம் போகிற கடியில் ஒரே நாளில் ரத்தம் எப்படி ஏறும் என்று எனக்குத் தோன்றவில்லை. ரத்தம் ஏறவில்லை. ரத்தத்தில் இருந்த தண்ணீர், குழாய்ச் சுவர் வழியே வெளியே கசிந்துபோய், மிச்சமிருந்தது கெட்டியாகிவிட்டது. கஞ்சி வற்றினால் கெட்டியாவது போல. கண்ணாடி விரியன் விஷம் சிலருக்கு மெல்லிய ரத்த நாளங்களையே சல்லடையாக்கிவிடுகிறது. கன்னத்தில் கசிந்தது, கண்ணில் கசிந்தது, கடைசியில் நுரையீரலிலும் கசிந்தது.

ராத்திரி பத்து மணிக்குமேல் நைனாவால் படுக்க முடியவில்லை. தலையணை ரெண்டு வைத்தோம், மூன்று வைத்தோம். எழுந்து உட்கார்ந்து, கட்டில் கம்பியை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியவில்லை. "தண்ணி" என்பார், நிறுத்துவார், "குடு" என்பார். விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் மெஷின் 91 காட்டியது, பிறகு 88. இருமினார். துண்டில் ரோஸ் நிறத்தில் நுரை. அதைப் பார்த்த பிறகுதான் நர்சிங் ஹோமில் ஆட்கள் ஓட ஆரம்பித்தார்கள். எக்ஸ்ரே எடுத்துவிட்டு, "இங்க முடியாது, உடனே கூட்டிட்டுப் போங்க" என்றார்கள். மூன்றாவது நாள் விடியற்காலை நாலு மணி. முதல் நாள் காலையில் எந்த ஊருக்கு எழுதிக் கொடுத்தார்களோ அந்த வேலூரை நோக்கித்தான் மறுபடி ஆம்புலன்ஸ்.

அவர்கள்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. ஆனால் சலைன் கொடுத்ததற்காக இல்லை. பி.பி. இறங்கினால் தண்ணீர் ஏற்றத்தான் வேண்டும் என்பதைப் பின்னாளில் ஐ.சி.யூ. டாக்டரே சொன்னார். எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது என்ற கணக்கு இல்லாமல் ஏற்றியதுதான் கோபம். எங்கள் ஊரில் கரும்புக்குத் தண்ணீர் விடுகிறவன்கூட அரை மணிக்கு ஒருதரம் போய் மடையைப் பார்த்துவிட்டு வருவான்.

வேலூர் ஆஸ்பத்திரி எமர்ஜென்சியில் முதலில் முகத்தோடு இறுக்கிக் கட்டுகிற மாஸ்க் போட்டு மெஷினால் காற்று தள்ளிப் பார்த்தார்கள். ஒரு மணி நேரம் தாங்கவில்லை. பிறகு மயக்கம் கொடுத்து வாய்வழியாகக் குழாய் போட்டு வென்டிலேட்டர். கையெழுத்து வாங்க வந்த டாக்டர் எக்ஸ்ரேவைக் கம்ப்யூட்டர் திரையில் காட்டினார். கறுப்பாக இருக்கவேண்டிய ரெண்டு பக்கமும் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை. ஏ.ஆர்.டி.எஸ். என்று பெயர் சொன்னார். நுரையீரலில் காற்று இருக்கவேண்டிய சின்னச் சின்ன அறைகளில் தண்ணீரும் ரத்தமும் கோத்துவிட்டன என்று அர்த்தம்.

நான் கேட்ட முதல் கேள்வி: "இன்னும் பத்துக் குப்பி போட்டா சரியாகுமா சார்?" அவர் ரத்தம் உறைகிறதா என்று இன்னொரு தடவை பார்த்துவிட்டு, வேண்டாம் என்றார். விஷமுறிவு மருந்து ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கிற விஷத்தைத்தான் பிடிக்கும். ஏற்கெனவே இடிந்த சுவரை அது கட்டாது. "நுரையீரல் தானா ஆறணும். அது ஆறுற வரைக்கும் இவரை உயிரோட வெச்சிருக்கறதுதான் எங்க வேலை" என்றார். அதற்குப் பிறகு மருந்து கேட்டு நான் அலையவில்லை. பக்கத்திலிருந்த சிலர் எங்கேயோ சித்தூர் பக்கம் கொடுக்கிற மருந்தைக் குழாய் வழியே விடலாம் என்று யோசனை சொன்னார்கள். காதில் வாங்கவில்லை.

உள்ளே விட்டபோது ஒரு காட்சி. டேப் எடுத்துத் தலையிலிருந்து குதிகால்வரை நைனாவை அளந்துகொண்டிருந்தார்கள். எனக்குப் பகீரென்றது. என்ன நினைப்பு வரும் என்று சொல்லவேண்டியதில்லை. சிஸ்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு விளக்கினார். மெஷின் ஒரு மூச்சுக்கு எவ்வளவு காற்று தள்ளவேண்டும் என்பதை உயரத்தை வைத்துத்தான் கணக்குப் போடுவார்களாம். ஆள் தொப்பை போட்டாலும் மெலிந்தாலும் நுரையீரல் அளவு மாறாது. நைனா 165 சென்டிமீட்டர். அந்த உயரத்துக்கு உரிய எடை 61 கிலோ சொச்சம், கிலோவுக்கு 6 மில்லி, ஆக ஒரு மூச்சுக்கு 370 மில்லி. அதற்குமேல் தள்ளினால் கெட்டுப்போன நுரையீரல் இன்னும் கிழியும். நாங்களோ வெளியே உட்கார்ந்து, நல்லா காத்து குடுக்கச் சொல்லுங்க என்று வேண்டிக்கொண்டிருந்தோம்.

அன்றைக்கு மதியம் 90 சதவீத ஆக்சிஜன் கொடுத்தும் (நாம் சுவாசிக்கிற காற்றில் 21தான்) ரத்தத்தில் அளவு 86க்கு மேல் ஏறவில்லை. குப்புறப் படுக்கவைக்கப்போகிறோம் என்றார்கள். வாயில் குழாய், கழுத்தில் லைன், மூத்திரக் குழாய், இத்தனையோடு ஒரு ஆளைக் குப்புறப் போடுவது எப்படி? ஆறு பேர் சுற்றி நின்றார்கள். தலைமாட்டில் நின்ற டாக்டர் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு ஒன்று ரெண்டு மூன்று எண்ணினார். போர்வையோடு சேர்த்து சுருட்டி ஒரு பக்கம் நகர்த்தி, திருப்பி, மார்புக்கும் இடுப்புக்கும் தலையணை கொடுத்தார்கள். ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் அப்படி. முதுகுப்பக்கத்து நுரையீரல் மல்லாந்து கிடக்கையில் நசுங்கிக் கிடக்குமாம், குப்புறப் போட்டால் அது திறக்கும். ராத்திரி எட்டு மணிக்கு 93 வந்தது. மூன்று நாள் இப்படிச் செய்தார்கள். அதில் கன்னத்தில் ஒரு புண் வந்தது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு ஊரில் சிலர் ஆஸ்பத்திரியில் அடிச்சிட்டாங்களா என்று கேட்டார்கள்.

கிட்னி அதற்குள் நின்றுவிட்டது. நாள் முழுக்க சேர்ந்து 150 மில்லி மூத்திரம். வெளியே போகாத தண்ணீரும் நுரையீரலில்தான் தேங்கும். டயாலிசிஸ் ஆரம்பித்தார்கள். முதல் தடவை ரெண்டு லிட்டர் எடுத்தபின் வென்டிலேட்டரில் ஆக்சிஜன் அளவைக் குறைக்க முடிந்தது. கிட்னிக்குச் செய்த வைத்தியம் மூச்சைக் காப்பாற்றியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். மொத்தம் ஐந்து தடவை செய்தார்கள்.

பக்கத்துப் படுக்கையில் ஒரு அம்மா. அவரும் பாம்புக்கடி, அவரும் வென்டிலேட்டர். தரையில் பாய் போட்டுத் தூங்கியிருக்கிறார். விடியற்காலையில் வயிற்று வலி, காஸ் என்று சோடா குடித்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் இமை தானாக மூடிக்கொண்டது, பேச்சு குழறியது. கடித்த இடமே தெரியவில்லை. கட்டு விரியன். அவர் எக்ஸ்ரேவைப் பார்த்தால் நுரையீரல் பளிச்சென்று கறுப்பு. அங்கே கெட்டது நுரையீரல் இல்லை, மூச்சை இழுக்கிற தசைக்குப் போகிற உத்தரவு. நாலு நாள் மெஷின் அவருக்காக மூச்சு இழுத்தது, ஐந்தாவது நாள் கண் திறந்தார், ஒரு வாரத்தில் நடந்து வெளியே போனார். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பொறாமையாக இருந்தது. அந்த மாதிரி கடியில் வழியிலேயே மூச்சு நின்றால், பலூன் மாதிரி அமுக்குகிற பையை ஆஸ்பத்திரி போகும்வரை யாராவது விடாமல் அமுக்கிக்கொண்டே இருந்தால் ஆள் பிழைத்துக்கொள்வார். அந்த அம்மாவை அப்படித்தான் கொண்டுவந்தார்களாம். ரெண்டுமே பாம்புக்கடி, ரெண்டுக்குமே மூச்சுத் திணறல், ஆனால் நோய் வேறு வேறு. கட்டு விரியனில் ஆபத்து முதல் சில மணி நேரம். கண்ணாடி விரியனில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கிற ரெண்டாவது, மூன்றாவது நாளிலும் அது வரும்.

காத்திருந்த நாட்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. காலை பதினோரு மணிக்கும் சாயங்காலம் ஐந்துக்கும் விவரம் சொல்வார்கள். காந்தி ரோட்டில் லாட்ஜ் போர்டெல்லாம் பெங்காலியிலும் இருக்கும் வேலூர் இது. வடக்கேயிருந்து வைத்தியத்துக்கு வந்தவர்களோடு சேர்ந்து நாங்களும் வெளியூர்க்காரர்கள் மாதிரி ரூம் எடுத்துத் தங்கினோம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை வீட்டில் டிரங்குப் பெட்டியில் இருந்ததை நாலாவது நாள்தான் தம்பி கொண்டுவந்தான். அட்டையை போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சமயத்தில் டிரங்குப் பெட்டிச் சாவியைத் தேட யாருக்கும் தெம்பு இருக்காது.

ஒன்பதாவது நாள் குழாயை எடுத்தார்கள். எடுத்ததும் பேசுவார், அம்மாவைக் கேட்பார் என்றெல்லாம் நினைத்திருந்தேன். தொண்டை கரகரவென்று, காற்றுதான் வந்தது. தண்ணீர் கேட்டார். விழுங்குவது சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் கொடுக்கமாட்டோம், புரையேறினால் மறுபடி நுரையீரலுக்குத்தான் போகும் என்றார் சிஸ்டர். ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைத்தார். நைனா அவரை எங்கள் ஊர் பாஷையில் ஏசினார். சிஸ்டர் கேரளா, அவருக்குப் புரியவில்லை. அதைவிடக் கஷ்டம், ரெண்டு ராத்திரி நைனாவுக்குப் புத்தி நிலைகொள்ளவில்லை. பக்கத்தில் தொங்கிய வளையம் வளையமான வென்டிலேட்டர் குழாயைக் காட்டி, "அதை அடிடா, மேல வருது" என்று என் கையைப் பிடித்து இழுத்தார். மயக்க மருந்து, தூக்கமின்மை, கிட்னி எல்லாம் சேர்ந்து ஐ.சி.யூ.வில் பலருக்கும் இப்படி வருமாம். நிரந்தரம் இல்லை. இன்ன நாள், இன்ன இடம், நான் யார் என்று திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார்கள். மூக்குக் கண்ணாடியை மாட்டிவிடச் சொன்னார்கள். மூன்றாவது நாள் தெளிந்தார்.

இருபத்து நாலாவது நாள் வீட்டுக்கு வந்தோம். கையில் மூன்று பந்து போட்ட பிளாஸ்டிக் கருவி ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். மூச்சை உள்ளே இழுத்தால் பந்து எழும்பும். முதல் வாரம் ஒரு பந்து பாதிவரை. பேரன் ஒரே இழுப்பில் மூன்றையும் தூக்கிக் காட்டியதில் நைனாவுக்குக் கோபம் வந்து ரெண்டு நாள் தொடவில்லை. மூன்று பந்தும் நிற்க ரெண்டரை மாதம் ஆனது.

கிட்னிக்காக மாதாமாதம் ரத்த டெஸ்ட். நாலாவது மாதம் நைனா எந்நேரமும் சோர்ந்து படுத்தார், சாப்பாடு இறங்கவில்லை. செக்கப்பில் டாக்டர் கேட்ட கேள்வி விசித்திரமாக இருந்தது: "ஷேவிங் முன்ன மாதிரி பண்றாரா, இல்ல முடி வளர்றதே குறைஞ்சிடுச்சா?" கண்ணாடி விரியன் கடியில் மூளைக்கு அடியில் இருந்து ஹார்மோன்களைக் கவனிக்கிற பிட்யூட்டரி சுரப்பி சிலருக்குக் கெட்டுப்போகுமாம், மாதங்கள், வருஷங்கள் கழித்துக்கூட அது தெரியவருமாம். காலையில் எடுக்கிற கார்ட்டிசால் டெஸ்ட், தைராய்டு எல்லாம் பார்த்தார்கள். நைனாவுக்கு நல்லபடியாக இருந்தது. ரத்தச்சோகைக்கு மாத்திரை கொடுத்தார்கள், தேறினார். ஆனால் கடிபட்டவர் யாராவது வருஷம் கழித்து சோம்பிச் சோம்பிப் படுத்தால், வயசாயிடுச்சு என்று விட்டுவிடாமல், பழைய கடியை டாக்டரிடம் சொல்லவேண்டும்.

இப்போது எங்கள் பக்கத்தில் யாருக்குக் கடித்தாலும் எனக்கு போன் வருகிறது. நான் டாக்டர் இல்லை. ஆனாலும் கேட்கிறார்கள், சொல்கிறேன். கயிறு போட்டு இறுக்கிக் கட்டாதே, கீறாதே, வாய் வைத்து உறிஞ்சாதே. மெட்டி, கொலுசு, மோதிரத்தைக் கழற்று, வீங்கினால் பிறகு வெட்டித்தான் எடுக்கவேண்டிவரும். எலும்பு முறிந்த காலுக்குக் கட்டுவது போல் கம்பு வைத்துத் தளர்வாகக் கட்டி ஆடாமல் பார்த்துக்கொள், நடக்கவிடாதே. வலிக்கிறதென்று மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிக் கொடுக்காதே, ரத்தம் இன்னும் கெடும், கிட்னியும் கெடும். கடித்த நேரத்தை எழுதிக்கொள். 108க்கு போன் பண்ணு. முதல் மருந்தைப் பக்கத்திலேயே போட்டுக்கொள், ஆனால் அனுப்பச் சொன்னால் அனுப்பச் சொன்ன இடத்துக்கே போ.

சேர்த்த பிறகு கூட இருக்கிறவருக்குத்தான் வேலை. ஒரு நோட்டு வாங்கி மணிக்கு ஒருதரம் மூத்திர அளவை எழுது. அறுபது கிலோ ஆளுக்கு மணிக்கு முப்பது மில்லியாவது வரவேண்டும், குறைந்தால் சிஸ்டரிடம் சொல். கன்னம் வீங்குகிறதா, கண் பிதுங்குகிறதா பார். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சொன்னால் தலையணையை உயர்த்திவிட்டுத் தூங்கிவிடாதே, டாக்டரை எழுப்பு. ஹெச்.பி. திடீரென்று ஏறினால் சந்தோஷப்படாதே. கடைசி வரியைச் சொல்லும்போது எதிர்ப்பக்கம் யாருக்கும் புரிவதில்லை, நான் 17.6 கதையைச் சொல்லவேண்டியிருக்கிறது.

2024ல் தமிழ்நாட்டில் பாம்புக்கடியை அரசுக்குத் தெரிவிக்கவேண்டிய நோயாக அறிவித்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிகள் ஒவ்வொரு கடியையும் கணக்கில் காட்டவேண்டும். நல்லது. பச்சிலைக்காரர் திண்ணையோடு முடிந்துபோகிற கடிகள் அதில் எப்படி வரும் என்று தெரியவில்லை. எங்கள் பச்சிலைக்காரர் மட்டும் இப்போது கடி என்று யார் வந்தாலும் வேப்பிலை கொடுப்பதில்லை, ஆட்டோக்காரரைக் கூப்பிடுகிறார்.

கொல்லையில் மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் மாட்டியிருக்கிறேன். கரண்ட் வந்தால் மெசேஜ் வரும், படுத்த இடத்திலிருந்து போட்டுக்கொள்ளலாம். முழங்கால்வரை கம்பூட்டும் வாங்கிக் கொடுத்தேன். சேற்றில் காலை இழுக்குது என்று பத்து நாளில் அதைத் திண்ணையில் கழற்றிப் போட்டுவிட்டார், இப்போது அதில் பூனை குட்டி போட்டிருக்கிறது. மோட்டார் போனிலேயே ஓடுகிறது, ஆனால் மடையை போனில் திருப்ப முடியாதே என்கிறார். ராத்திரி ரெண்டு மணிக்கு வாசல் கதவு சத்தம் கேட்டால் நானும் எழுந்து, பெரிய டார்ச்சையும் ஒரு கம்பையும் எடுத்துக்கொண்டு, தரையைத் தட்டிக்கொண்டே அவருக்கு முன்னால் நடக்கிறேன்.